அனுமதி பெறாத வெற்றிடங்கள்

பூரணிக்கு நாரி எலும்பு கழன்று கையோடு வந்துவிடும்போல இருந்தது. ஏழு கட்டுக் காகிதம். தனித்தனியே தூக்கினால் ஒரு கட்டு பெரிய பாரமில்லை. ஏழையும் உரப்பைக்குள் திணித்து, நிலாவெளி பஸ்ஸில் நின்றபடி வந்து, துறைமுக வீதிச் சோதனைச்சாவடி வரிசையில் வெயிலுக்குள் நின்றால் காகிதமும் கருங்கல்லும் ஒன்றுதான். இடுப்பில் வைத்துப் பார்த்தாள், தோளில் வைத்துப் பார்த்தாள், கடைசியில் நிலத்தில் வைத்து அதன்மேலேயே குந்திவிட்டாள். முன்னால் நின்ற மீன்காரி திரும்பி, உள்ளுக்குள் என்ன கருவாடோ என்று கேட்டாள். கணக்கு என்றாள் பூரணி. மீன்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள். கருவாடு என்றால் பொறுத்திருப்பாள்.

சாவடியில் நின்ற படைவீரன் பையைக் கவிழ்த்துக் கொட்டினான். பென் டிரைவ் இருக்கிறதா, சீடி இருக்கிறதா என்று கேட்டான். இல்லை. காகிதம் தடைப் பட்டியலில் இல்லை. ஒரு கட்டை எடுத்து, முதல் பக்கத்தைப் பார்த்தான், நடுப்பக்கத்தைப் பார்த்தான், விளங்கவில்லை என்று கையை விரித்துக் காட்டினான், போகச் சொன்னான். விளங்காத ஒன்றை விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்ட மனிதனை அன்று முழுவதும் அவள் சந்தித்தது அந்த ஒருதரம்தான்.

விஷயம் இதுதான். லெமா என்று ஒரு கணித மென்பொருள். உலகத்தின் நாலு மூலையிலும் இருந்து ஆட்கள் கூலியில்லாமல் எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்திருப்பது. வருஷத்துக்கு ஒருமுறை அதன் ஆட்கள் சில மாணவர்களைத் தெரிவுசெய்து, ஆளுக்கொரு வழிகாட்டியைக் கொடுத்து, ஒரு கணினி நிரலை எழுதி முடிக்கச் சொல்வார்கள். பல்கலைக்கழக வளாகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்த பூரணி விண்ணப்பித்தாள். எடுபட்டாள். பல்லுறுப்பிகள் என்ற இயற்கணிதக் கோவைகளைக் காரணிப்படுத்தும் பகுதியை வேகமாக்குவது அவளுடைய வேலை. வழிகாட்டி மாரெக், போலந்துக்காரன். அவன் வழிகாட்டும் விதம் சிக்கனமானது. இந்த இடத்தில் பிழை வருகிறது, ஏன் என்று ஒரு வரி எழுதுவான். அவள் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு பதில் எழுதுவாள். சரி, இனி அடுத்தது என்று அவன் ஒரு வரி எழுதுவான். வைகாசியில் இருந்து ஆடிவரை இப்படியே போனது. இதை முடித்துத் தந்தால் தன் ஆய்வுகூடத்தில் அவளுக்கு ஓர் இடம் உண்டு என்றும் எழுதியிருந்தான். அதுவும் ஒரு வரிதான்.

அந்த ஒரு வரியைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். ஈச்சிலம்பற்றில் இருந்த வீடு சண்டையில் அகப்பட்டு, இப்போது வீடாக இல்லை என்று ஆட்கள் சொன்னார்கள். தாயும் தங்கையும் வாகரைப் பக்கம் ஓடியவர்கள், அங்கே எந்த மரத்தடியில் இருக்கிறார்கள் என்று தெரியாது. திரும்பிப் போக ஓர் இடம் இல்லாதவளுக்கு முன்னால் தெரிந்த ஒரே விலாசம் அந்த ஆய்வுகூடம். அதற்கு ஒரு தவணை இருந்தது. ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பின்னேரம் ஐந்து மணி. அதற்குள் ஓடக்கூடிய நிரல் போய்ச் சேரவேண்டும். ஐந்து மணிக்குக் கதவு தானாக மூடும், மூடினால் தன்னாலும் திறக்க ஏலாது என்று மாரெக் முதலிலேயே சொல்லியிருந்தான்.

மூதூரில் சண்டை தொடங்கியது. நகரத்துத் தொலைபேசிக் கம்பிகள் ஊமையாகின. நிலாவெளியில் அஸீம் என்பவனின் தொடர்பாடல் கடையில்தான் அவள் வேலைசெய்து வந்தாள். அங்கே கணினி ஓடியது, அச்சுப்பொறி ஓடியது, இணையம் மட்டும் செத்துப்போயிற்று. மாவட்டத்தில் வானத்தைப் பார்த்த செய்மதித் தட்டு வைத்து இணையம் வைத்திருப்பது ஒரே ஓர் இடம்தான் என்று அஸீம் சொன்னான். சொல்லிவிட்டு, போகாதே என்றும் சொன்னான். அவள் இரண்டாவதைக் கேட்கவில்லை.

அந்த இடத்தின் பெயர் மாவட்ட இளம் நிரலாளர் வழிகாட்டல் மன்றம். சமாதானக் காலத்தில் வெளிநாட்டு உதவி வாளி வாளியாக வந்து ஊற்றியபோது முளைத்தது. உள்துறைமுகத்தைப் பார்த்த கட்டடம், மும்மொழியில் பெயர்ப்பலகை, கூரையில் வெள்ளைத் தட்டு, உள்ளே சுழலும் கதிரைகள். ஏழு வழிகாட்டிகளை நியமித்திருந்தார்கள். இளைப்பாறிய நீர்ப்பாசனப் பொறியியலாளர், கூட்டுறவுச் சங்க முகாமையாளர், தபாலதிபர், பழைய அதிபர் ஒருவர், துறைமுகத்தில் லொறி நிறுக்கும் இடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர், செயலாளர் சோமசேகரம், எல்லோருக்கும் மேலே தலைவர் அருளம்பலம். அருளம்பலம் காணிக் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். அந்தக் காலத்தில் அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தவர்களில் சிலர் இன்னும் காத்திருக்கிறார்கள், சிலர் காணியைப் பற்றிய கவலை இல்லாத இடத்துக்குப் போய்விட்டார்கள்.

மன்றத்துக்கு ஒரேயொரு குறை. வழிகாட்ட ஆள் இல்லை. வருடாந்த அறிக்கையில் வழிகாட்டிகளின் தொகை ஏழு என்று போட்டு, மாணவர்களின் தொகைக்கு நேரே தேடப்படுகின்றனர் என்று போட்டுவந்தார்கள். இப்படியான நேரத்தில் பூரணி போய், ஒரு மின்னஞ்சல் அனுப்ப அரைமணித்தியாலம் தரமுடியுமா என்று கேட்டாள். வெறும் வலையை இழுத்து இழுத்துக் களைத்தவர்கள் ஒரு கும்பிளா மீனைக் கண்டால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார்கள். இருக்கச் சொன்னார்கள். தேநீர் கொடுத்தார்கள். எழும்பும்போது அவள் மன்றத்தின் முதலாவது மாணவி. தட்டைப் பாவிப்பது என்றால் அந்த வழியால்தான்.

அதற்குப்பிறகு மாரெக்கின் கடிதங்கள் மன்றத்துக்கு வந்து, பதிவாகி, முத்திரை குத்தப்பட்டு, தமிழாக்கம் செய்யப்பட்டு, அவளுக்குக் கிடைத்தன. ஒருநாள் வந்த தமிழாக்கம் இப்படி இருந்தது: தங்கள் முயற்சி மெச்சத்தக்கது, மென்மேலும் சிறப்புற வாழ்த்துகின்றோம். மாரெக் வாழ்த்துகிற ஆளல்ல. அவள் முழித்துக்கொண்டு நிற்க, தட்டெழுத்து வேலை செய்கிற கமலாதேவி கோப்பினை மெல்லத் திருப்பி மூலக் கடிதத்தைக் காட்டினாள். இரண்டு பரிசோதனைகளில் நிரல் தோற்கிறது, உடனே திருத்து என்றிருந்தது.

"வாழ்த்து எங்க அக்கா இருக்கு இதில?" என்று பூரணி கேட்டாள்.

"அது சோமசேகரம் சேர் போட்டது. பிழை எண்டு வாற கடிதத்தை உள்ளுக்கு எடுக்கக் கூடாதாம். மன்றத்தின்ர பேர் கெட்டுப்போகுமாம்."

கமலாதேவிக்கு நாற்பது தாண்டியிருக்கும். அந்தக் கட்டடத்தில் வேலை என்ற ஒன்றைச் செய்தவள் அவள்தான், அதனால் அவள் மட்டும் நிரந்தரமாக்கப்படவில்லை. நாட்கூலி. புருசன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகளும் அந்தத் தட்டெழுத்தில்தான் சோறு தின்றார்கள்.

பூரணி இரண்டு பிழையையும் அஸீமின் கடையில் இருந்து திருத்தினாள். இனி அனுப்பினால் சரி. அனுப்புவதற்கு ஓர் ஒழுங்கு இருப்பதாகச் செயலாளர் சொன்னார். துறைமுகப் பாதுகாப்பு வலயத்துக்குள் பென் டிரைவ் வரக்கூடாது, ஆகவே நிரல் அச்சுப்பிரதியாக வரவேண்டும். வழிகாட்டிகள் ஏழு, ஆகவே பிரதிகள் ஏழு. ஏழுபேரும் பார்த்துத் திருத்திய பின், மன்றத்துக் கணினியில் மன்றத்துத் தட்டெழுத்தாளரால் அடிக்கப்பட்ட பிரதிதான் தட்டுவழியாக மேலே போகும். இப்படித்தான் அந்த உரப்பை, இப்படித்தான் அந்த நாரி உளைவு.

அன்று புதன்கிழமை. நீள மேசையைச் சுற்றி ஏழுபேரும் சிவப்புப் பேனாவோடு இருந்தார்கள். பூரணியை நிற்கவைத்தார்கள். மாணவி இருக்கக்கூடாது என்று விதி இல்லை, கதிரை ஏழுதான் இருந்தது.

தபாலதிபர்தான் தொடங்கினார். எட்டாம் பக்கத்தில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்படி எழுதியிருக்கிறதே, ஒருதரம் ஒழுங்காகச் செய்தால் போதாதா என்று கேட்டார். அதற்கு அவள் மறுமொழி சொல்ல வாயெடுக்கமுன், கூட்டுறவு முகாமையாளர் எக்ஸ் என்ற ஆளைப் பற்றி விசாரித்தார். பக்கத்துக்குப் பக்கம் எக்ஸ் வருகிறார், முழுப்பெயர் இல்லை, விலாசம் இல்லை, காலமோ சரியில்லை, இப்படிப்பட்ட ஆளை மன்றத்தின் கடிதத்தலைப்பில் அனுப்பினால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்றார். எக்ஸ் ஆளல்ல, அது மாறி என்று பூரணி விளக்கினாள். மாறுகிற ஆள் இன்னும் ஆபத்து என்று பழைய அதிபர் குறித்துக்கொண்டார். நிறுவைக்காரர் வாசிக்கவேயில்லை. தன் பிரதியைக் கையில் ஏந்தி இரண்டுதரம் மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, பாரம் சரி என்று ஒப்பமிட்டார். ஏழுபேரிலும் நேர்மையானவர் அவர்.

பிறகு பெரிய சிக்கல் வந்தது. சில பல்லுறுப்பிகளைக் காரணிப்படுத்த முடியாது. அப்படியானதைக் கொடுத்தால் நிரல் பொய் என்று விடை தரும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் அந்தச் சொல்லைச் சிவப்பால் வட்டமிட்டு, மேசையில் தட்டினார். அரசாங்கம் அங்கீகரித்த நிறுவனம் ஒன்று பொய் என்று எழுத்தில் கொடுக்கலாமா என்பது அவருடைய கேள்வி. அது காரணிப்படாது என்பதற்கு அடையாளம் என்று பூரணி சொன்னாள்.

அருளம்பலம் அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இப்போது திறந்தார்.

"பிள்ளை, நான் முப்பது வருசம் உத்தியோகம் பார்த்தனான். ஒருத்தருக்கும் ஏலாது எண்டு ஒரு கடிதம் குடுத்தது கிடையாது."

"அப்ப என்ன ஐயா குடுத்தனீங்கள்?"

"பரிசீலனையில் உள்ளது எண்டு குடுத்தனான். ஆளும் சந்தோசமாய்ப் போகும், கோப்பும் சாகாது. உம்மட நிரலுக்கும் அந்தப் பண்பு வேணும்."

அது ஏகமனதாக நிறைவேறியது. பொய் வந்த இடமெல்லாம் பரிசீலனையில் உள்ளது என்று மாற்றினார்கள். கடைசியாகச் செயலாளர் ஒரு பொதுக் குறைபாட்டைச் சுட்டிக்காட்டினார். மாணவி வரிகளை ஓரத்தில் தொடங்காமல் உள்ளே தள்ளித்தள்ளித் தொடங்கியிருக்கிறாள், சில வரி பாதிப் பக்கத்தில் தொடங்குகிறது, யுத்த காலத்தில் காகிதம் என்ன விலை. வெள்ளையாக விட்டு வந்த இடத்தையெல்லாம் கூட்டினால் இன்னொரு நிரல் எழுதலாம் என்றார். மற்ற ஆறுபேரும் தலையாட்டினார்கள். அன்றைக்கு ஏழுபேருக்கும் விளங்கிய ஒரே விஷயம் அது.

வெள்ளிக்கிழமை கமலாதேவி அடித்து முடித்த பிரதியைப் பூரணி பார்த்தாள். அச்சடித்தாற்போல அழகு. மேலே மன்றத்தின் பெயர், தொடர்பிலக்கம், திகதி. நடுவில் கோடிட்ட தலைப்பு. கீழே தங்கள் உண்மையுள்ள என்று முடித்து, ஏழு கையெழுத்துக்கு ஏழு புள்ளிக்கோடு. இடையில் அவளுடைய நிரல், வரிக்கு வரி, எழுத்துக்கு எழுத்துப் பிழையில்லாமல், எல்லா வரியும் இடது ஓரத்தில் நூல் பிடித்தாற்போல நேராக.

அந்த நிரல்மொழியில் இடதுபக்கத்து வெளிதான் உயிர். ஒரு வரி எந்த வரிக்குக் கீழ்ப்பட்டது என்பதை அந்த வெளியை வைத்துத்தான் கணினி அறியும். வெளியை எடுத்துவிட்டால் எது தலை, எது வால் என்று அதற்குத் தெரியாது, முதல் வரியிலேயே முரண்டுபிடித்து நின்றுவிடும். பூரணி இதைச் சொன்னதும் கமலாதேவி வாயில் கையை வைத்தாள்.

"ஐயோ தங்கச்சி, எனக்கு ஆர் சொன்னது? சேர் கோடுபோட்டுத் தந்தவர், எல்லாத்தையும் ஓரத்துக்குக் கொண்டுவா எண்டு. கடிதம் எண்டால் ஓரம் நேராய் நிக்கவேணும் எண்டுதான் நான் படிச்சது."

பூரணி செயலாளரிடம் ஓடினாள். சோமசேகரம் பொறுமையாகக் கேட்டார். அவருடைய பொறுமைக்கு அந்தக் கட்டடத்தில் நல்ல பெயர். எல்லாம் கேட்டபின், அங்கீகரித்த பிரதியில் ஓர் எழுத்தையும் தொட ஏலாது, தொடுவதென்றால் மறுபடியும் கூட்டம் கூட்டவேண்டும், கூட்டத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும் என்றார். தவணை திங்கட்கிழமை என்று அவள் சொன்னாள். தெரியும், அதனால்தான் திங்கட்கிழமை காலை அனுப்பிவைப்பு விழா வைத்திருக்கிறோம், பிரதம விருந்தினர் வருகிறார், நீர் சாறி உடுத்துக்கொண்டு வாரும் என்றார். ஓடாத நிரலை அனுப்பி என்ன பிரயோசனம் என்று கேட்டாள்.

"ஓடுறதும் ஓடாததும் அவங்கட பக்கத்துப் பிரச்சினை," என்றார் சோமசேகரம். "அனுப்பிறதுதான் எங்கட கடமை. அதில ஒரு குறையும் வராது, நீர் யோசியாதயும்."

திங்கட்கிழமை விழா பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள். பிரதம விருந்தினர் உதவி நிறுவனம் ஒன்றின் பெரிய அதிகாரி, கொழும்பில் இருந்து வருபவர். வரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. மேடையில் குத்துவிளக்கு, பூமாலை, வாழை. நடுவில் வெள்ளைத்துணி விரித்த மேசையில் மன்றத்துக் கணினி, அதற்கும் சந்தனப்பொட்டு. தட்டில் இருந்து வந்த கம்பியை யன்னலால் இழுத்துப் பொருத்தியிருந்தார்கள். பேச்சுகள் முடிந்ததும் தலைவர் ஒரு விசையை அழுத்துவார், நிரல் வானத்தால் போகும். விசை பிழைத்துப்போகாமல் பார்க்கக் கணினிக்கு முன்னால் கமலாதேவி. அவளுக்குப் பக்கத்தில் சந்தனத் தட்டோடு நிற்கப் பூரணி. நிரலை எழுதியவளுக்கு விழாவில் ஒதுக்கிய வேலை அது. கணினியின் முகம் அவர்கள் இருவரையும் பார்த்தபடி, முதுகு சபையைப் பார்த்தபடி.

தேவாரம் முடிந்து தபாலதிபர் வரவேற்புரைக்கு எழும்பியபோது கமலாதேவி தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"எத்தினை வெளி விடவேணும்?"

பூரணிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சந்தனத் தட்டோடு இன்னும் கிட்ட நகர்ந்தாள்.

"அக்கா, உங்களுக்குப் பிரச்சினை வரும்."

"வந்தாப் பாப்பம். நான் பிழையா அடிச்ச கடிதம் ஒண்டும் இண்டைவரைக்கும் வெளிய போகேல்ல. சொல்லு."

பூரணி குனிந்து, மேலே இருந்த கடிதத்தலைப்பைத் தொடவேண்டாம், அதன் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் அடையாளம் போட்டால் கணினி அதை வாசிக்காமல் தாண்டும் என்றாள். கமலாதேவி போட்டாள். மன்றத்தின் பெயரும் தொடர்பிலக்கமும் எவரும் கவனிக்காத குறிப்பாகிவிட்டன. பிறகு நிரல் தொடங்கியது. பூரணி மனதில் இருந்ததை உதட்டசைவில் சொன்னாள். நாலு. எட்டு. எட்டு. பன்னிரண்டு. நாலு. கமலாதேவியின் விரல் மழைத்தூறல் மாதிரி விழுந்தது. ஒரு வரியும் அவளுக்கு விளங்காது. விளங்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பரிசீலனையில் உள்ளது என்று வந்த இடமெல்லாம் பூரணி கண்ணைக் காட்டினாள், அது அழிந்து பழைய சொல் வந்தது.

வழிகாட்டிகள் ஒருவர்பின் ஒருவராகப் பேசினார்கள். கூட்டுறவு முகாமையாளர், கணினி அறிவையும் பங்கீட்டு அட்டைக்கு வழங்கினால்தான் எல்லாருக்கும் குறைவாகவும் சமமாகவும் கிடைக்கும் என்றார். பழைய அதிபர், இந்த மாணவி கேள்விகேட்கும் பழக்கத்தோடு தங்களிடம் வந்ததாகவும் ஏழு நாளில் அதைக் குறைத்துவிட்டதாகவும் சொன்னார். நிறுவைக்காரர் மைக்கைப் பிடித்து, எல்லாருக்கும் வணக்கம், எனக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு இருந்தார். அந்தக் குறுகிய பேச்சு பூரணியைக் கலங்கடித்தது. அவர் இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் இரண்டு பக்கம் முடிந்திருக்கும். பேச்சு நீளவேண்டும் என்று உலகத்தில் யாராவது நேர்ந்துகொண்டது அன்றைக்கு அந்த மண்டபத்தில்தான் இருக்கும்.

நாலு மணி ஆகும்போது அருளம்பலம் எழும்பினார். தொண்டையைச் செருமினார்.

"வெளிநாட்டுக்காரன் ஒரு மாணவிக்கு ஒரு வழிகாட்டி குடுத்தான். அவனட்ட இருந்தது அவ்வளவுதான். நாங்கள் ஏழுபேரைக் குடுத்தம். அந்த ஒருத்தனோட இந்தப் பிள்ளை எப்பவோ முடிச்சிருக்கும். நாங்கள் கைகுடுத்தபடியால்தான் இது கடைசி நாள் வரைக்கும் வந்து, ஒரு விழா எடுக்கிற அளவுக்குப் பெரிய காரியமாய் மாறினது."

கைதட்டல். குடாவுக்கு அப்பால் ஒரு ஷெல் விழுந்த சத்தம் கேட்டது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அருளம்பலம் அந்தப் பக்கம் பார்த்து, அது எங்களுக்கில்லை என்று சபைக்கு அறிவித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"சிலபேர் கேக்கினம், உங்கள் ஏழுபேருக்கும் இந்த நிரல் விளங்குமோ எண்டு. நான் பகிரங்கமாய்ச் சொல்லுறன், விளங்காது. விளங்கினவன் ஒரு பக்கம் சாய்வான். இது சரி, அது பிழை எண்டு தலையிடுவான். விளங்காதவன்தான் நடுநிலையாய் வழிகாட்டுவான். காணிக் கந்தோரிலயும் நான் அப்பிடித்தான் இருந்தனான். ஒரு காணியையும் நான் போய்ப் பார்த்தது கிடையாது."

பிரதம விருந்தினருக்குத் தமிழ் விளங்காது. அவரும் கைதட்டினார், நடுநிலையாக.

தலைவர் நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டார். பூரணி திரையைப் பார்த்தாள். இன்னும் மூன்று பக்கம் கிடந்தது, அதில்தான் கடினமான பகுதி. எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று சொல்லிக்கொண்டு வந்தவளுக்கு ஓர் இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. பன்னிரண்டா, எட்டா. ஒரு வரி மாறினால் எல்லாம் போச்சு. தலைவர் விசையை அழுத்துவதற்காக மைக்கில் இருந்து கையை எடுத்தார்.

கமலாதேவி மேசையில் கிடந்த துண்டுக் காகிதத்தில் ஒரு வரி எழுதி, எழும்பிப் போய்ப் பவ்வியமாகத் தலைவரிடம் நீட்டினாள். மேடைக்குத் துண்டு வந்தால் எந்தப் பேச்சாளனும் மதிக்கவேண்டும், அது அந்த ஊர் விழாக்களின் எழுதாத சட்டம். பிரதம விருந்தினரின் தகப்பனார் ஆற்றிய சேவை பற்றி ஐயா குறிப்பிட மறந்துவிட்டீர்கள் என்று அதில் இருந்தது. அருளம்பலத்துக்கு அந்தத் தகப்பனார் யாரென்றே தெரியாது. தெரியாத விஷயத்தில் அவர் தயங்கியது கிடையாது. மைக்கை மறுபடி பிடித்து, அந்த மகானைப் பற்றி எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டார், பிறப்பில் இருந்து தொடங்கினார்.

திரும்பி வந்து குந்திய கமலாதேவி, "ஆறுதலா யோசி," என்றாள். "இவர் இனி லேசில வரமாட்டார்."

பூரணி கண்ணை மூடினாள். மாரெக் முதன்முதலில் பிழை என்று காட்டிய இடம் அதுதான். இரண்டு நாள் கிடந்து அடிபட்ட இடம். எட்டு என்றாள். பிறகு சொற்கள் தானாக வந்தன. தகப்பனார் பள்ளிக்கூடம் கட்டி, குளம் வெட்டி, ஏழைகளுக்கு வீடு கொடுத்து, அமைதியாகக் காலமானபோது, மூன்று பக்கமும் முடிந்திருந்தன. தங்கள் உண்மையுள்ள என்ற வரிக்கும் முன்னால் அடையாளம் விழுந்தது. ஐந்து மணிக்குக் கொஞ்சம் கிடக்க, தலைவர் வந்து, கமெராவைப் பார்த்துக்கொண்டு, விசையை அழுத்தினார். நிரல் போனது.

மாரெக்கின் பதில் மூன்றாம் நாள் வந்தது. ஓடுகிறது, எல்லாப் பரிசோதனையிலும் தேறியது, தலையில் இருக்கிற அந்த நீண்ட குறிப்பு என்ன மொழி, வடிவான எழுத்து என்று எழுதியிருந்தான். அவளுக்கு வாக்களித்த இடத்துக்கான கடிதமும் அதோடு வந்தது. இந்த முறை தமிழாக்கம் செய்யவேண்டி இருக்கவில்லை. மன்றம் மூலக் கடிதத்தையே கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியது. வருடாந்த அறிக்கையில் மாணவர் தொகை ஒன்று, வெற்றி நூறு வீதம் என்று ஏறியது.

வெற்றி என்றால் கோப்பு முடிக்கவேண்டும். கோப்பு முடிப்பதற்காகச் சோமசேகரம் அங்கீகரித்த பிரதியையும் அனுப்பிய பிரதியையும் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றோடொன்று பொருந்தவில்லை. விசாரணைக் குழு கூடியது. வெற்றிடங்களை எண்ணுவதற்கு ஓர் உபகுழு வைத்தார்கள், அது எண்ணி முடிக்க இரண்டு கிழமை எடுத்தது. முடிவு ஒரே வசனம்: அனுப்பப்பட்ட பிரதியின் இடது ஓரத்தில் மன்றத்தின் அனுமதி பெறாத வெற்றிடங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. கணினியில் கைவைக்க அதிகாரம் உள்ளவர் தட்டெழுத்தாளர். நாட்கூலித் தட்டெழுத்தாளருக்கு மேன்முறையீடு கிடையாது. கமலாதேவியை நாளையில் இருந்து வரவேண்டாம் என்று சொன்னார்கள். அந்தக் கடிதத்தையும் அவளைக்கொண்டே அடிப்பித்தார்கள். ஓரம் நேராக இருந்தது.

பூரணி கேள்விப்பட்டதும் தலைவரிடம் போனாள். வெளி விடச் சொன்னது நான், நான் சொன்னபடியால்தான் அக்கா அடித்தது, நிரல் தேறினதே அந்த வெளியால்தான் என்றாள். எழுத்திலும் கொண்டுபோயிருந்தாள். அருளம்பலம் அவளை முதல்முறையாகக் கதிரையில் இருக்கச் சொன்னார். கடிதத்தைத் திறக்காமலே திருப்பித் தந்தார்.

"நீர் எங்கட வெற்றி, பிள்ளை. வெற்றி குற்றம் செய்யாது. இதை வெளிய கொண்டுபோனீர் எண்டால், அந்த வெளிநாட்டுக்காரனுக்கு நாங்கள் அனுப்பினது அங்கீகரிக்காத பிரதி எண்டு எழுதவேண்டி வரும். உம்மட இடம் என்னாகும் எண்டு யோசிச்சுப் பாரும்."

அவள் யோசித்தாள். அவளை யோசிக்கவைத்ததுதான் மன்றம் அவளுக்குத் தந்த முழு வழிகாட்டலும். மாரெக் அப்படி ஒரு கடிதத்தைச் சீந்தியும் பார்த்திருக்கமாட்டான் என்று பிறகு அறிந்தாள். அன்றைக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் வாய் திறந்திருப்பாளா என்பதும் அவளுக்குத் தெரியாது. கடிதத்தை மடித்துக்கொண்டு எழும்பினாள்.

புறப்படுவதற்கு முன் கமலாதேவியைத் தேடிப் போனாள். அவள் மீன்வாடி ஒன்றில், உப்புக்குள் கைவிட்டு நெத்தலி புரட்டிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. பூரணி சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க அவள் விடவில்லை.

"போயிட்டு வா. நல்லாய்ப் படி," என்றாள். "ஆனா அக்கா மன்னிச்சிட்டா எண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாத. எனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு."

பூரணி நெத்தலி நாற்றம் சாறியில் ஏறும்வரை நின்றுவிட்டு வந்தாள்.

லெமா இன்று உலகம் முழுவதும் ஓடுகிறது. காரணிப்படுத்தும் பகுதியைத் திறந்து பார்த்தால் அவளுடைய வெளிகள் அப்படியே இருக்கின்றன, நாலு, எட்டு, பன்னிரண்டு என்று. எழுதியவர் பெயர் பூரணி. அடித்தவள் பெயர் எங்கும் இல்லை. கமலாதேவிக்குப் பூரணி ஒரு வேலை கடன்பட்டிருக்கிறாள். அது இன்னும் கொடுபடவில்லை.